நகரும் புள்ளியின் பிரகாசம் எவ்வளவு? செயற்கைக்கோள்களை வெறுங்கண்ணால் அளக்கத் தொடங்குபவர்களுக்கு

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் ஸ்புட்னிக்-1ஐ ஏவியது. அடுத்த சில வாரங்களில் பல நாடுகளில் மக்கள் விடிகாலையிலும் அந்தியிலும் மொட்டை மாடிகளிலும் வயல்வெளிகளிலும் நின்று, வானத்தைக் கடந்து போகும் ஒரு ஒளிப்புள்ளியைப் பார்த்தார்கள். ஸ்புட்னிக்கைப் பார்த்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பெரும்பாலானோர் பார்த்தது அதனுடன் சேர்ந்தே சுற்றுப்பாதைக்குப் போன ராக்கெட்டின் மையப் பகுதியை. ஸ்புட்னிக் 58 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. நல்ல இருட்டில், கூர்மையான கண்ணுக்குக்கூட அது தென்படுவது கடினம். ராக்கெட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது, வானத்தின் பிரகாசமான விண்மீன்களுக்கு ஈடாகத் தெரிந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பாதையில்தான் போயின. கீழே நின்றவருக்கு எது எது என்று காட்டிக்கொடுத்தது பிரகாசம்தான்.

ஸ்புட்னிக் போவதற்கு ஓர் ஆண்டு முன்பே, 1956இல், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியல் ஆய்வகத்தில் ஃப்ரெட் விப்பிள் 'மூன்வாட்ச்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தார். ஆசிரியர்கள், பள்ளி மாணவர்கள், அலுவலக ஊழியர்கள் எனச் சாதாரண மக்கள் சின்னத் தொலைநோக்கிகளோடு இரவில் உட்கார்ந்து செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தைக் குறித்து அனுப்பினார்கள். 1975 வரை அது நடந்தது. அந்தப் பழக்கத்தின் ஒரு கிளைதான் செயற்கைக்கோள்களின் பிரகாசத்தை அளந்து குறிப்பது. இதற்கு ஆரம்பத்தில் எந்தக் கருவியும் வேண்டாம். கண், கடிகாரம், நோட்டு போதும். ஆனால் 'ரொம்பப் பளிச்சென்று போச்சு' என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. அதை எப்படி எண்ணாக மாற்றுவது, அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மதராஸில் வாழ்ந்தவர் வகுத்த அளவுகோல்

வானியலில் பிரகாசத்தை 'மேக்னிட்யூட்' என்ற எண்ணால் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் பிரகாச எண் என்று வைத்துக்கொள்வோம். பழங்கால கிரேக்க வானியலாளர்கள் மிகப் பிரகாசமான விண்மீன்களை முதல் தரம் என்றும், கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிபவற்றை ஆறாம் தரம் என்றும் பிரித்ததிலிருந்து வந்தது அது. அதனால்தான் எண் கூடக்கூடப் பிரகாசம் குறைகிறது. தொடக்கத்தில் இது குழப்பும். சில நாளில் பழகிவிடும்.

இந்தத் தரங்களுக்குக் கணக்கு வடிவம் தந்தவர் நார்மன் போக்சன். ஐந்து படி வித்தியாசம் என்றால் சரியாக நூறு மடங்கு வெளிச்ச வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம் என அவர் 1856இல் முன்மொழிந்தார். அப்படியானால் ஒரு படி என்பது சுமார் 2.5 மடங்கு. உலகம் முழுக்க இன்றும் இதே அளவுகோல்தான். போக்சன் 1861இல் மதராஸ் வான் ஆய்வகத்தின் பொறுப்பேற்று நுங்கம்பாக்கத்துக்கு வந்தார். 1891இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். அவருக்குக் கீழே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ரெட்டிகுலம் விண்மீன் கூட்டத்தில் பிரகாசம் மாறும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். ஒன்றின் பிரகாசம் மாறுகிறதா என்பதைப் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டுச் சொல்வது அவர்கள் காலத்து வேலைமுறை. நாம் செயற்கைக்கோளுக்குச் செய்யப்போவதும் அதையேதான். சென்னையில் இவ்வளவு ஆழமாக வேர்விட்ட கலை நம்மிடையே அதிகம் பேசப்படாமல் கிடப்பது எனக்கு வருத்தம்தான்.

சில எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிரியஸ் −1.5. தெற்கே தெரியும் அகத்தியர் −0.7. சுவாதியும் அபிஜித்தும் ஏறக்குறைய 0. திருவோணம் 0.8, சித்திரை 1.0, மகம் 1.4. வேட்டைக்காரன் (ஓரியன்) விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் இருக்கும் மூன்று மீன்களில் இரண்டு 1.7, மேற்கு ஓரத்தில் இருப்பது 2.2. துருவ நட்சத்திரம் 2.0. சப்தரிஷி மண்டலத்தில் அங்கிரஸ் 1.8, அதற்கு அடுத்து மங்கலாகத் தெரியும் அத்ரி 3.3. திருவாதிரையை மட்டும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். அதன் பிரகாசமே மாறும். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் அது மங்கியதை வெறுங்கண்ணாலேயே உணர முடிந்தது. போதாததற்கு அது சிவப்பு. இருட்டில் நம் கண் சிவப்பு நிறத்தைச் சரியாக எடை போடாது.

ஒரே செயற்கைக்கோள், தினம் ஒரு பிரகாசம்

இந்தப் பொழுதுபோக்கின் மையம் இதுதான். விண்மீனின் பிரகாசத்தைப் போல, செயற்கைக்கோளின் பிரகாசம் அதற்கே சொந்தமான ஒரு நிலையான எண் அல்ல. அது தானாக ஒளிர்வதில்லை. சூரிய ஒளி அதன் மேல் பட்டு நம் கண்ணுக்கு வருகிறது. சூரியன், செயற்கைக்கோள், நீங்கள் ஆகிய மூவரும் அந்த நொடியில் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பிரகாச எண்ணை மட்டும் எழுதி வைத்துவிட்டு, நேரத்தையும் இடத்தையும் விட்டுவிட்டால் அந்தக் குறிப்பு பாதிதான்.

தொலைவு எளிதாகப் புரியும். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நேர் உச்சியில் வரும்போது உங்களிடமிருந்து அவ்வளவு தூரம்தான். அதே நிலையம் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் தெரியும்போது சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தொலைவு மூன்றரை மடங்கு. வெளிச்சமோ பன்னிரண்டு மடங்குக்கு மேல் குறைந்துவிடும். எண் கணக்கில் இது கிட்டத்தட்ட 2.7 படி. அடிவானத்துப் பக்கம் காற்றும் தூசியும் தடிப்பாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் மங்கும்.

அடுத்தது கோணம். செயற்கைக்கோளில் நின்று பார்த்தால் சூரியனுக்கும் உங்களுக்கும் இடையே எத்தனை பாகை இருக்கிறதோ, அதைக் கட்டக் கோணம் என்பார்கள். நிலாவுக்குப் பௌர்ணமி, பிறை என்று இருப்பதைப் போலவேதான் இதுவும். மாலையில் சூரியன் மேற்கே மறைந்திருக்கும். கிழக்கு வானில் தெரியும் செயற்கைக்கோளின் முழு முகத்திலும் வெளிச்சம் படும், அதை நாம் நேரே பார்க்கிறோம். மேற்கு வானில் இருப்பதன் பின்பக்கம்தான் சூரியன்; நமக்குத் தெரிவது பெரும்பாலும் நிழல் பக்கம். விண்வெளி நிலையம் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்குப் போகும் மாலைகளில் கவனித்துப் பாருங்கள். உச்சியைத் தாண்டிய பிறகும் சிறிது நேரம் அதன் வெளிச்சம் கூடிக்கொண்டே போவதைக் காணலாம். விலகிப் போகும் பொருள் பிரகாசம் ஆவதை முதல்முறை பார்த்தால் வியப்பாக இருக்கும். காரணம் இந்தக் கோணம்தான்.

மேற்பரப்பும் உண்டு. சுண்ணாம்பு அடித்த சுவர் வெயிலில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி வெளுப்பாகத் தெரியும். எவர்சில்வர் தட்டோ ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் கண்ணைக் கூசச் செய்யும். செயற்கைக்கோள்களில் இரண்டு விதமான பரப்புகளும் உண்டு. இரண்டாவது வகைக்குப் பேர்போனது இரிடியம். 1997 முதல் ஏவப்பட்ட அந்தத் தொலைபேசிச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் கதவு அளவில் மூன்று பளபளப்பான ஆன்டெனாக்கள் இருந்தன. சாதாரணமாக மங்கலாகப் போய்க்கொண்டிருப்பது, ஆன்டெனாவில் பட்ட வெயில் நம் ஊர்மேல் விழும் சில நொடிகளுக்கு −8 வரை எரிந்து, மறுபடி அணைந்துவிடும். வெள்ளிக் கிரகத்தைவிடப் பல மடங்கு பிரகாசம் அது. எங்கே எத்தனை மணிக்கு நடக்கும் என்று நொடிக் கணக்கில் முன்பே சொல்ல முடிந்தது. 2017க்கும் 2019க்கும் இடையே புதிய தலைமுறை ஏவப்பட்டு, பழையவை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கப்பட்டதும் அந்தக் காட்சி ஏறக்குறைய முடிந்துபோனது.

கடைசியாகப் பூமியின் நிழல். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். 550 கிலோமீட்டர் உயரத்தில், உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளின் மேல் வெயில் படவேண்டும் என்றால், சூரியன் அடிவானத்துக்குக் கீழே 23 பாகைக்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனாலே 23 பாகை ஆகிவிடும். அதற்குப் பிறகு தலைக்கு மேலே செல்பவை எல்லாம் நிழலுக்குள் போய்விடும். மேற்குப் பக்கம் கொஞ்ச நேரம் மட்டும் தெரியும். லண்டனில் ஜூன் மாத நள்ளிரவில்கூடச் சூரியன் 15 பாகைதான் இறங்குகிறது, ஆகவே அங்கே அப்போது இரவு முழுக்கச் செயற்கைக்கோள்கள் தெரியும். நமக்கோ அந்தியில் சூரியன் மறைந்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை, விடியலுக்கு முன்னும் அதே அளவு. குறுகிய நேரம்தான், ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் வசதியான நேரம். நள்ளிரவு வரை கண்விழிக்கத் தேவையில்லை.

போய்க்கொண்டே இருக்கும் செயற்கைக்கோள் நிழலுக்குள் நுழைவதைப் பார்ப்பது தனி அனுபவம். விண்வெளி நிலையம் கிழக்கே இறங்கும்போது சில நொடிகளில் லேசாக ஆரஞ்சு நிறம் ஏறி, மங்கி, நடுவானிலேயே மறைந்துவிடும். பூமியின் காற்று மண்டலத்தின் ஊடாக வரும் அஸ்தமன வெளிச்சம்தான் கடைசியாக அதன் மேல் படுகிறது. நிலையத்தில் இருப்பவர்களுக்கு அந்த நொடியில் சூரியன் மறைகிறது.

அளப்பது

முதலில் எது, எப்போது, எந்த வழியாகக் கடக்கும் என்று தெரிய வேண்டும். ஹெவன்ஸ்-அபோவ் தளத்திலோ செயலியிலோ உங்கள் ஊரைக் கொடுத்தால், அன்றைய பட்டியலும் வானப் படத்தில் பாதையும் வந்துவிடும். ஸ்டெல்லேரியம் மென்பொருளிலும் செயற்கைக்கோள் பாதைகளைப் போட்டுப் பார்க்கலாம். பாதையைப் படத்தில் பார்த்தவுடன் அது எந்த விண்மீன்களுக்குப் பக்கத்தில் போகும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த விண்மீன்கள்தான் உங்கள் அளவுகோல்.

வெளியே வந்து குறைந்தது பத்து நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். கைபேசித் திரையைப் பார்க்காதீர்கள். செயற்கைக்கோள் வருவதற்கு முன்பே ஒப்பீட்டு விண்மீன்களை நன்றாகப் பார்த்து, அவற்றின் வெளிச்சத்தைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அது கடக்கும்போது ஒரே கேள்விதான்: இந்த விண்மீனைவிட மங்கலா, அந்த விண்மீனைவிடப் பிரகாசமா?

உதாரணமாக, ஒரு பழைய ராக்கெட் பாகம் சப்தரிஷி மண்டலத்தின் ஊடே போகிறது. அங்கிரஸைவிட மங்கல், அத்ரியைவிடப் பிரகாசம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பத்துப் பங்காக நினைத்துக்கொண்டால், அங்கிரஸிலிருந்து நான்கு பங்கு தள்ளி இருக்கிறது என்று படுகிறது. இடைவெளி 1.5. அதில் பத்தில் நான்கு 0.6. ஆக, 1.8 உடன் 0.6ஐக் கூட்டினால் 2.4. இதுதான் உங்கள் அளவீடு. தொடக்கத்தில் 0.3 அல்லது 0.5 வரை முன்னே பின்னே போகும். பரவாயில்லை. பழகப் பழக நெருங்கும். ஒப்பீட்டு விண்மீன் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், காற்று மங்கச் செய்வது இரண்டுக்கும் சமமாகப் போய்விடும். தனியாகத் திருத்தம் போட வேண்டாம்.

கேமராவில் எடுத்தால் இன்னும் துல்லியமாக இருக்காதா என்று பலர் கேட்பார்கள். இருக்கும், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. விண்மீனின் ஒளி முழுக்க ஒரே புள்ளியில் குவிகிறது. செயற்கைக்கோளின் ஒளி நீண்ட கோடாகப் பரவிவிடுகிறது. உச்சியில் விண்வெளி நிலையம் நொடிக்கு சுமார் ஒரு பாகை நகர்கிறது. ஆகவே கோட்டின் பளபளப்பை நேரடியாக விண்மீன் புள்ளியோடு ஒப்பிட முடியாது. நகரும் வேகத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்த வேண்டும். பிரகாசமானவை படத்தில் வெளுத்துப்போய் விவரம் இழப்பதும் உண்டு. என் கருத்தில், முதல் சில மாதங்கள் கண்ணால் மட்டும் பழகுவது நல்லது. கேமரா தரும் எண் தவறாக இருந்தால் அதை உணரும் பக்குவம் கண்ணிலிருந்துதான் வரும்.

சரி, 2.4 என்று எழுதியாயிற்று. நீங்கள் மதுரையில் எழுதியதையும் இன்னொருவர் யாழ்ப்பாணத்தில் எழுதியதையும் எப்படி ஒப்பிடுவது? அதற்குத்தான் நியம பிரகாசம் என்ற ஏற்பாடு. செயற்கைக்கோள் 1,000 கிலோமீட்டர் தொலைவில், பாதி முகம் மட்டும் வெளிச்சமாக இருந்தால் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதே அது. தொலைவுத் திருத்தம் சுலபம். தொலைவு பாதியானால் 1.5 படி பிரகாசம் கூடும், இரட்டிப்பானால் 1.5 படி குறையும். மேலே சொன்ன ராக்கெட் பாகம் 700 கிலோமீட்டரில் இருந்தது என்றால் திருத்தம் சுமார் 0.8, ஆயிரம் கிலோமீட்டரில் அது 3.2ஆகத் தெரிந்திருக்கும். கோணத் திருத்தம் வடிவத்தைப் பொறுத்தது, அதற்குச் சூத்திரங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் கவலைப்பட வேண்டாம். நேரமும் இடமும் சரியாக இருந்தால், அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பின்னாளில் போட்டுக்கொள்ளலாம்.

இதனால் என்ன பயன்

மினுக்கிக்கொண்டே போகும் பொருள் பெரும்பாலும் உருண்டுகொண்டிருக்கும் பொருள். எரிபொருள் தீர்ந்த ராக்கெட் பாகங்களும் செயலிழந்த செயற்கைக்கோள்களும் கட்டுப்பாடில்லாமல் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் பளிச்சிடும். முதல் பளிச்சிடலில் நிறுத்துக்கடிகாரத்தைத் தொடங்கி, பதினொன்றாவதில் நிறுத்தி, வந்த நொடிகளைப் பத்தால் வகுத்தால் பளிச்சிடும் இடைவெளி கிடைத்துவிடும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆர்வலர் குழு ஒன்று இப்படிப்பட்ட அளவீடுகளைப் பல்லாண்டுகளாகத் தொகுத்துவந்தது. மாதக்கணக்கில் ஒரே பொருளைப் பின்தொடர்ந்தால் சுழற்சி மெதுவாகிறதா வேகமாகிறதா என்றும் தெரியும். விண்வெளிக் குப்பையை ஒருநாள் பிடித்து இழுத்துவர நினைப்பவர்களுக்கு, அது எப்படிச் சுழல்கிறது என்பது முக்கியமான செய்தி.

இன்னொரு பயன் 2019 மே மாதத்துக்குப் பிறகு வந்தது. ஸ்பேஸ்எக்ஸ் முதல் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஒரே நேரத்தில் ஏவியது. வரிசையாகப் போன அந்த ஒளிப்புள்ளிகளைப் பார்த்ததும் வானியலாளர்கள் கவலைப்பட்டார்கள். நிறுவனம் 2020இல் ஒன்றுக்குக் கருப்புப் பூச்சு அடித்துப் பார்த்தது, பிறகு வெயிலை மறைக்கும் தடுப்பு வைத்தது. தடுப்பு வேலை செய்ததா? வெறுங்கண்ணாலும் பைனாகுலராலும் செய்த கணிப்புகள் உள்ளிட்ட அளவீடுகள் பதில் சொல்லின. 550 கிலோமீட்டர் தொலைவுக்குச் சரிசெய்து பார்த்தால், முதல் வகை சராசரியாக 4.6, தடுப்பு வைத்தது 5.9. வெளிச்சம் முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் சர்வதேச வானியல் ஒன்றியம் கேட்பது 7ஐவிட மங்கலாக இருக்க வேண்டும் என்று. வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதோடு, சிலியில் உள்ள ரூபின் போன்ற பெரிய ஆய்வகங்களின் படங்களைக் கெடுக்காமல் இருப்பதற்கும் அந்த எல்லை.

2022 செப்டம்பரில் ஏவப்பட்ட, ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் என்ற நிறுவனத்தின் ப்ளூவாக்கர்-3 செயற்கைக்கோள் இந்தக் கவலையைக் கூட்டியது. நவம்பரில் அது 64 சதுர மீட்டர் ஆன்டெனாவை விரித்ததும் 0.4 வரை பிரகாசமானது. வானத்தின் மிகப் பிரகாசமான பத்து விண்மீன்களின் வரிசையில் வைக்கத்தக்க அளவு. பல நாடுகளின் தொழில்முறை வானியலாளர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து எடுத்த அளவீடுகள் 2023இல் 'நேச்சர்' இதழில் வந்தன. ஏஎஸ்டி நிறுவனத்தின் அடுத்த தலைமுறையான ப்ளூபேர்ட் செயற்கைக்கோளை, 200 சதுர மீட்டருக்கும் அதிகமான ஆன்டெனாவுடன், 2025 டிசம்பர் 24 அன்று இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கொண்டுபோனது. சென்னைக்கு வடக்கே அவ்வளவு அருகிலிருந்து கிளம்பிய ஒன்று நம் வானத்தில் எவ்வளவு பிரகாசமாகக் கடக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்களே அளந்து வைப்பது அவசியம் என்று நினைக்கிறேன். நிலநடுக்கோட்டுப் பகுதியில் நேர் உச்சியில் கடக்கும்போது எடுத்த குறிப்புகள், ஐரோப்பாவில் எடுத்தவற்றோடு சேரும்போதுதான் முழுப் படம் கிடைக்கும்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், விண்வெளி நிலையத்தைச் சொல்ல மாட்டேன். அது பல நேரங்களில் எல்லா விண்மீன்களையும்விடப் பிரகாசமாக இருப்பதால் ஒப்பிட ஆள் கிடைக்காது. 2க்கும் 4க்கும் இடைப்பட்ட பழைய ராக்கெட் பாகங்கள் நல்லவை. ஹபிள் தொலைநோக்கியும் அருமையான தேர்வு. அதன் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை மட்டுமே சாய்ந்திருப்பதால், லண்டன்காரர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. நமக்கோ தலைக்கு மேலேயே கடக்கும்.

நோட்டில் ஒரு கடப்புக்கு ஒரு வரி போதும்: செயற்கைக்கோளின் பெயரும் அட்டவணை எண்ணும், தேதி, நொடி வரை நேரம், உங்கள் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, ஒப்பிட்ட இரண்டு விண்மீன்கள், கணித்த பிரகாச எண், மேகமோ நிலவொளியோ இருந்ததா என்பது. நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் அது வந்துவிடும். நள்ளிரவைத் தாண்டியும் விடியலிலும் எடுத்த குறிப்புகளில் தேதியும் மாறலாம் என்பதைக் கவனியுங்கள். எதிர்பார்த்த நேரத்தில் செயற்கைக்கோள் தெரியவே இல்லையா? அந்த வரியையும் எழுதுங்கள். பக்கத்தில், அந்த இடத்தில் அன்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்த மிக மங்கலான விண்மீனின் பிரகாச எண்ணையும் போட்டுவிடுங்கள். செயற்கைக்கோள் அதைவிட மங்கலாக இருந்தது என்று அந்தக் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.